கிற்றில் இருந்து எடுத்த மூலநிரலை பில்டுக்குத் தயார் செய்வது: முழுமையான வழிகாட்டி

லினக்ஸில் மென்பொருளை மூலநிரலில் இருந்து கொம்பைல் பண்ண மூன்று கட்டளை போதும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள்: கொன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்ரோல். அதை நம்பி ஒரு திட்டத்தைக் கிற்றால் (நிரலின் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கிற கருவி) இறக்கி, கோப்புறைக்குள் போய் "./கொன்ஃபிகர்" என்று அடித்தால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று ரெர்மினல் சொல்லும். யாழ்ப்பாணத்தில் கணினி படிக்கிற தம்பி தங்கச்சிமார் பலர் திறந்த மூலத்தை விட்டுவிட்டுப் போகிற இடம் இதுதான். அவர்களுக்கு சி நிரல் எழுதத் தெரியும், பிழை கண்டுபிடிக்கத் தெரியும், தமிழுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசையும் இருக்கும், ஆனால் களஞ்சியத்தை (கிற் வைத்திருக்கிற நிரல் தொகுப்பு) இறக்குவதற்கும் கொன்ஃபிகருக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது என்பதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அந்த நடுப்படியைப் பற்றித்தான் இது முழுக்க.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன், ரெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஹன்ஸ்பெல்லையும் ரெசரக்ற்றையும் எடுக்கிறேன். முதலாவது லிப்ரே ஒபிஸிலும் ஃபயர்ஃபொக்ஸிலும் எழுத்துப்பிழை பார்க்கிற இயந்திரம், இரண்டாவது படத்தில் இருக்கிற எழுத்தை வாசித்துத் தருகிற கருவி. நூலகம் என்ற இணைய ஆவணத் தளத்தில் இருக்கிற பழைய பத்திரிகைப் பக்கங்களைப் பார்த்துவிட்டு "இதைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றலாமே" என்று நினைத்த எவருக்கும் ரெசரக்ற் தேவைப்படும்.

கொன்ஃபிகர் ஏன் இல்லை

வெளியீட்டுப் பொதியும் களஞ்சியமும் ஒன்றல்ல. கடையில் வாங்குகிற ஒடியல் மாவுக்கும் பாத்தியில் இருந்து கிண்டி எடுத்த பனங்கிழங்குக்கும் உள்ள வித்தியாசம்தான். கிழங்கைக் கிழித்து, காயவைத்து, இடித்த பிறகுதான் கூழ் காய்ச்சலாம். பராமரிப்பாளர் ஒருவர் ரார் பொதியை (பல கோப்புகளை ஒன்றாகச் சுருட்டியது) வெளியிடும்போது கொன்ஃபிகர் ஸ்கிரிப்ற்றைத் தன் கணினியில் உருவாக்கி உள்ளே வைத்துவிடுவார். கிற் களஞ்சியத்திலோ மனிதர் கையால் எழுதிய கோப்புகள் மட்டும்தான் இருக்கும், கருவி உருவாக்குகிற எதையும் வைப்பதில்லை என்பது பெரும்பாலான திட்டங்களின் வழக்கம்.

ஓட்டோரூல்ஸ் (கொன்ஃபிகரை உருவாக்குகிற கருவித் தொகுதி) பாவிக்கிற திட்டங்களில் கையால் எழுதுவது முக்கியமாக இரண்டு: "கொன்ஃபிகர்.ஏசி", "மேக்ஃபைல்.ஏஎம்". முதலாவதை ஓட்டோகொன்ஃப் வாசித்து கொன்ஃபிகர் ஸ்கிரிப்ற் ஆக்கும். இரண்டாவதை ஓட்டோமேக் வாசித்து "மேக்ஃபைல்.இன்" ஆக்கும். பிறகு நீங்கள் கொன்ஃபிகரை ஓட்டும்போதுதான் அந்த "இன்" கோப்பு உங்கள் கணினிக்கு ஏற்ற மேக்ஃபைலாக மாறும். இவற்றோடு பைசன், ஃபிளெக்ஸ் என்ற நிரலாக்கக் கருவிகள் உருவாக்குகிற சி கோப்புகள், மேன் பக்கங்கள், மொழிபெயர்ப்புக் கோப்புகள் என்று பொதியில் ஆயத்தமாக இருந்து களஞ்சியத்தில் இல்லாதவை இன்னும் உண்டு. ஆகவே களஞ்சியத்தில் இருந்து பில்ட் பண்ண (நிரலை ஓடக்கூடிய மென்பொருளாக்க), பொதியில் இருந்து பில்ட் பண்ணுவதை விடக் கூடுதல் கருவிகள் தேவை.

அப்படியென்றால் பொதியையே இறக்கிவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். வெறுமனே பாவிக்க மட்டும் என்றால் அதுகூட வேண்டாம், உபுண்டுவின் ஏப்ரீ இன்ஸ்ரோல் கட்டளை போதும். ஆனால் நீங்கள் ஒரு திருத்தம் அனுப்பப் போகிறீர்கள் என்றால் அது பிரதான கிளையின் இன்றைய நிலைக்குப் பொருந்த வேண்டும், பழைய பொதிக்குப் பொருந்திப் பயனில்லை. இன்னொரு காரணம் 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்கே தெரியவந்தது. கோப்புகளைச் சுருக்குகிற எக்ஸ்இசற் யுரில்ஸ் என்ற மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் ஒரு பின்கதவு (இரகசிய நுழைவழி) இருப்பதை அன்ட்ரெஸ் ஃப்ரொயின்ட் என்ற நிரலாளர் அன்று அறிவித்தார். கெட்ட நிரல் சோதனைக் கோப்புகளுக்குள் ஒளிந்து களஞ்சியத்திலும் இருந்தது; ஆனால் பில்ட் நேரத்தில் அதைக் கிளப்பிவிடுகிற எம்4 கோப்பு (கொன்ஃபிகரை உருவாக்கப் பாவிக்கிற மக்ரோக்கள் உள்ளது) வெளியீட்டுப் பொதிக்குள் மட்டும்தான் இருந்தது, களஞ்சியத்தைப் பார்த்தவர் கண்ணில் படாது. பொதிக்குள் இருப்பதும் களஞ்சியத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்க்கிற நல்ல வழி, களஞ்சியத்தில் இருந்து நாமே உருவாக்கிப் பார்ப்பது. அந்தத் திறன் நம்மில் நாலு பேருக்காவது கையில் இருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

இறக்குவது

முதலில் ஒரு பொறி. கிற்ஹப் பக்கத்தில் "டவுன்லோட் சிப்" என்று ஒரு பொத்தான் இருக்கும், வெளியீடுகள் பக்கத்திலும் "சோர்ஸ் கோட்" என்று இரண்டு இணைப்புகள் தானாகவே தொங்கும். அவை பராமரிப்பாளர் செய்த பொதி அல்ல, களஞ்சியத்தை அப்படியே சுருட்டித் தருபவை. அவற்றில் கொன்ஃபிகர் இருக்காது, சப்மொடியூல்கள் (களஞ்சியத்துக்குள் இணைத்த வேறு களஞ்சியங்கள்) இருக்காது, கிற் வரலாறும் இருக்காது. பொதியின் குறையும் களஞ்சியத்தின் குறையும் சேர்ந்து வருகிற அதைத் தொடாதீர்கள். குளோன் பண்ணுங்கள், அதாவது கிற்றாலேயே களஞ்சியத்தை நகலெடுங்கள்.

குளோன் பண்ணும்போது "கிற் குளோன் --ரிகர்ஸ்-சப்மொடியூல்ஸ்" என்று பண்ணுவது நல்லது. மறந்துபோய் ஏற்கனவே இறக்கிவிட்டீர்கள் என்றால் உள்ளே போய் "கிற் சப்மொடியூல் அப்டேற் --இனிற் --ரிகர்சிவ்" என்று அடிக்கலாம். ரெசரக்ற்றில் கூகிள்ரெஸ்ற் இப்படி ஒரு சப்மொடியூலாகத்தான் வருகிறது. வெறும் கோப்புறை ஒன்று இருந்து உள்ளே எதுவுமே இல்லை என்றால் சப்மொடியூல் வரவில்லை என்று அர்த்தம். வேறொரு கிளைக்கோ ராக்குக்கோ (ஒரு பதிப்பைக் குறிக்கிற பெயர்) மாறிய பிறகும் இந்த அப்டேற் கட்டளையை மறுபடி ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் பிரதான நிரல் ஒரு காலத்திலும் சப்மொடியூல் இன்னொரு காலத்திலும் நிற்கும்.

இனி டேற்றா. நம்மில் பலர் போன் ஹொட்ஸ்பொட்டில்தான் இறக்குகிறோம், இரவு டேற்றாவுக்குக் காத்திருந்து இறக்குகிறவர்களும் உண்டு. கிற் குளோன் இடையில் அறுந்தால் விட்ட இடத்தில் இருந்து தொடராது, முழுதும் திரும்ப முதலில் இருந்துதான். ஆகவே பெரிய களஞ்சியம் என்றால் "--டெப்த் 1" போட்டு கடைசிக் கொமிற்றை (கிற்றில் பதிந்த ஒரு மாற்றம்) மட்டும் இறக்குங்கள், அது முடிந்த பிறகு "கிற் ஃபெச் --டீப்பன்=500" போலக் கொஞ்சம் கொஞ்சமாக வரலாற்றை நீட்டலாம், ஒவ்வொரு தடவையும் வந்து சேர்ந்தது உங்களிடமே இருக்கும். சப்மொடியூல்களுக்கும் இதேபோல "--ஷலோ-சப்மொடியூல்ஸ்" உண்டு. நான் விரும்புவது "--ஃபில்டர்=புளொப்:நன்". கொமிற் வரலாறு முழுக்க வரும், பழைய கோப்புகளின் உள்ளடக்கம் மட்டும் தேவைப்படும்போது வரும்.

ஆனால் "--டெப்த் 1" ஒரு விலை வைத்திருக்கிறது. பல திட்டங்கள் தங்கள் பதிப்பு எண்ணை "கிற் டிஸ்கிரைப்" மூலம் ராக்குகளைப் பார்த்துக் கண்டுபிடிக்கின்றன. மேலோட்டக் குளோனில் ராக் இல்லை, எனவே பதிப்பு "அன்னோன்" என்று வரும், அல்லது ஸ்கிரிப்ற் அங்கேயே நின்றுவிடும். அப்படி வந்தால் "கிற் ஃபெச் --அன்ஷலோ --ராக்ஸ்".

படங்கள், எழுத்துருக்கள், மாதிரித் தரவு உள்ள திட்டங்களில் கிற் எல்எஃப்எஸ் (பெரிய கோப்புகளைத் தனியாக வைக்கிற வசதி) இருக்கலாம். ஒரு பெரிய கோப்பு என்று நினைத்துத் திறந்தால் உள்ளே நூற்றுச்சொச்ச பைற்றில் மூன்று வரி எழுத்து மட்டும் இருக்கும். அது சுட்டி, கோப்பல்ல. "கிற் எல்எஃப்எஸ் புல்" அடித்தால் உண்மையான கோப்பு வரும்.

விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டுகிற வசதி) பாவிக்கிறவர்கள் லினக்ஸ் பக்கத்துக் கோப்பு முறைமைக்குள்ளேயே குளோன் பண்ணுங்கள். விண்டோஸ் பக்கத்துக் கிற்றால் இறக்கினால் வரி முடிவுகள் மாறிவிடக்கூடும், அப்போது ஸ்கிரிப்ற் "பாட் இன்ரர்பிரற்றர்" என்று கத்தும், காரணம் கண்ணுக்கே தெரியாது. கோப்புறைப் பெயரில் இடைவெளியும் வேண்டாம், ஓட்டோமேக் பாவிக்கிற கொன்ஃபிகர் அதை "அன்சேஃப்" என்று சொல்லி மறுத்துவிடும்.

எதை வாசிக்க வேண்டும்

இன்ஸ்ரோல் என்ற கோப்பை நம்பி இறங்காதீர்கள். பல திட்டங்களில் அது ஓட்டோமேக்கோடு வருகிற பொதுக் கோப்பு, எல்லாத் திட்டத்திலும் ஒரே வாசகம், "கொன்ஃபிகரை ஓட்டு" என்றுதான் தொடங்கும். அது பொதியை இறக்கியவருக்கு எழுதியது. களஞ்சியத்தை எடுத்தவருக்கான குறிப்பு வேறு கோப்பில் இருக்கும்: ரீட்மீ-ஹாக்கிங், ஹாக்கிங், கொன்ரிபியூற்றிங் போன்ற பெயர்கள். குனு கோர்யுரில்ஸில் அது ரீட்மீ-ஹாக்கிங். ஹன்ஸ்பெல்லில் சாதாரண ரீட்மீயிலேயே இருக்கிறது.

எழுதிவைத்த குறிப்பு பழசாகிப் போயிருக்கலாம். ஒருபோதும் பழசாகாத குறிப்பு ஒன்று இருக்கிறது, அது தானியங்கிச் சோதனைக்கான கோப்பு. புள்ளியில் தொடங்குகிற கிற்ஹப் கோப்புறைக்குள் வேர்க்ஃபுளோஸ் என்று இருக்கும், கிற்லாப் என்றால் "கிற்லாப்-சிஐ" என்று ஒரு யமல் கோப்பு இருக்கும். வெறும் உபுண்டு ஒன்றில் எந்தெந்தப் பொதிகளைப் போட்டு, எந்த ஒழுங்கில் எந்தக் கட்டளையை ஓட்டினால் இது பில்ட் ஆகும் என்று அங்கே வரிவரியாக இருக்கும், ஒவ்வொரு கொமிற்றுக்கும் அது ஓடிக்கொண்டும் இருக்கும். நான் எந்தப் புதுத் திட்டத்தை எடுத்தாலும் முதலில் திறப்பது அதைத்தான்.

கருவிகளைப் போடுவது

உபுண்டு, டெபியனில் அடிப்படைத் தொகுதி இதுதான்: பில்ட்-எசென்ஷியல், ஓட்டோகொன்ஃப், ஓட்டோமேக், லிப்ரூல், பிகேஜி-கொன்ஃபிக், கெற்ரெக்ஸ்ற், ஓட்டோபொயின்ற். கடைசி இரண்டும் வெவ்வேறு பொதிகள் என்பதைக் கவனியுங்கள், கெற்ரெக்ஸ்ற் போட்டால் ஓட்டோபொயின்ற் தானாக வராது. இவற்றோடு ஓட்டோகொன்ஃப்-ஆர்க்கைவ், பைசன், ஃபிளெக்ஸ், ரெக்ஸ்இன்ஃபோ என்பவற்றையும் ஒரேயடியாகப் போட்டுவைத்தால் பாதிப் பிழைகள் வரவே வராது.

ஏற்கனவே உபுண்டுவில் இருக்கிற மென்பொருள் என்றால் இன்னும் இலகு: "ஏப்ரீ பில்ட்-டெப் ஹன்ஸ்பெல்" என்று அடித்தால் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் கொண்டுவரும். அதற்கு மூலப் பொதிகளுக்கான "டெப்-சோர்ஸ்" வரி இயக்கத்தில் இருக்க வேண்டும். களஞ்சியத்தின் புதிய நிரலுக்கு இன்னும் ஒன்றிரண்டு கூடுதலாகத் தேவைப்படலாம், ஆனாலும் பெரிய பங்கு வேலை முடிந்துவிடும்.

ஓட்டோகொன்ஃபின் பதிப்பைப் பாருங்கள். 2.69 வந்தது 2012இல், அடுத்த 2.70 வர 2020 டிசம்பர் ஆகிவிட்டது. உபுண்டு 20.04இல் இருப்பது 2.69, 22.04இலும் 24.04இலும் 2.71. ஆய்வுகூடத்தில் பழைய உபுண்டு ஓடுகிற கணினி என்றால் "இதைவிடப் புதிய ஓட்டோகொன்ஃப் தேவை" என்ற பிழை வரக்கூடும், கொன்ஃபிகர்.ஏசியில் எழுதியிருக்கிற எண்ணைக் குறைத்து ஏமாற்றப் பார்க்காமல் புதிய ஓட்டோகொன்ஃபை வீட்டுக் கோப்புறைக்குள் கட்டிக்கொள்ளுங்கள், அதன் பொதியில் கொன்ஃபிகர் ஆயத்தமாகவே இருக்கும்.

உருவாக்குகிற கட்டளை

களஞ்சியத்தின் மேல்மட்டத்தில் "ஓட்டோஜென்.எஸ்எச்" அல்லது "பூட்ஸ்ட்ராப்" என்ற ஸ்கிரிப்ற் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத்தான் ஓட்ட வேண்டும், ஏனென்றால் அந்தத் திட்டத்துக்கே உரிய வேலைகளை அதற்குள் எழுதியிருப்பார்கள். ரெசரக்ற்றில் "./ஓட்டோஜென்.எஸ்எச்". ஓட்டுவதற்கு முன் ஸ்கிரிப்ற்றை ஒருமுறை திறந்து வாசியுங்கள். சிறிய கோப்புத்தான், அது உங்கள் கணினியில் என்ன செய்யப்போகிறது என்பதும் எதை இறக்கப்போகிறது என்பதும் தெரிந்துவிடும். சில ஸ்கிரிப்ற்றுகள், குறிப்பாகக் குனோம் பக்கத்துப் பழைய திட்டங்களில், முடிந்தவுடன் கொன்ஃபிகரையும் தாமாகவே ஓட்டிவிடும்; அதைத் தடுக்க முன்னால் "நோகொன்ஃபிகர்=1" என்று பெரிய எழுத்தில் கொடுக்கலாம். ஸ்கிரிப்ற் இல்லாவிட்டால் "ஓட்டோரீகொன்ஃப் -விஎஃப்ஐ". ஹன்ஸ்பெல்லின் ரீட்மீ சொல்வதும் இதையே.

அந்த மூன்று எழுத்துக்கும் பொருள் உண்டு. வி என்றால் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய், எஃப் என்றால் பழையது இருந்தாலும் புதிதாக உருவாக்கு, ஐ என்றால் இல்லாத துணைக் கோப்புகளைக் கொண்டுவந்து வை. ஓட்டோரீகொன்ஃப் தனியாக ஒன்றும் செய்வதில்லை, மற்றவர்களை ஒழுங்காகக் கூப்பிடுகிறது: ஓட்டோபொயின்ற் மொழிபெயர்ப்புக்கான அடித்தளத்தை வைக்கும், ஏசிலோக்கல் தேவையான எம்4 மக்ரோக்களைத் தேடி ஒரு கோப்பில் சேர்க்கும், லிப்ரூலைஸ் பகிர்நூலகம் (பல நிரல்கள் சேர்ந்து பாவிக்கிற நிரல்தொகுப்பு) கட்டுகிற ஸ்கிரிப்ற்றை வைக்கும், ஓட்டோகொன்ஃப் கொன்ஃபிகரை எழுதும், ஓட்டோஹெடர் "கொன்ஃபிக்.எச்.இன்" எழுதும், கடைசியில் ஓட்டோமேக். இந்த வரிசை மனதில் இருந்தால் பிழை எந்தக் கட்டத்தில் வந்தது என்று திரையைப் பார்த்தவுடனே விளங்கும்.

குனு திட்டங்களில் பூட்ஸ்ட்ராப் ஸ்கிரிப்ற் குனுலிப்பையும் (குனு திட்டங்கள் பொதுவாகப் பாவிக்கிற நிரல்தொகுப்பு) இறக்கப் பார்க்கும், அது பெரிய களஞ்சியம். குனுலிப்பை ஒரு தடவை மட்டும் ஓரிடத்தில் குளோன் பண்ணிவைத்துவிட்டு, ஒவ்வொரு திட்டத்திலும் "--குனுலிப்-எஸ்ஆர்சிடிர்" என்று அந்த இடத்தைக் காட்டினால் டேற்றா மிச்சம். மொழிபெயர்ப்புக் கோப்புகளையும் இணையத்தில் இருந்து எடுக்கும், இப்போதைக்கு வேண்டாம் என்றால் "--ஸ்கிப்-பிஓ".

வருகிற பிழைகள்

மஞ்சளாகவோ நீளமாகவோ வருகிற எச்சரிக்கைகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஏதோ மக்ரோ "ஒப்சொலீற்" என்று வருவது திட்டக்காரர் பார்க்க வேண்டிய விடயம், உங்கள் பில்ட் அதனால் நிற்காது. நிற்கவைப்பது பெரும்பாலும் கீழே உள்ள சிலதுதான்.

"பொசிபிளி அன்டிஃபைன்ட் மக்ரோ" என்று வந்தால் அந்த மக்ரோவைத் தருகிற பொதி உங்களிடம் இல்லை. பெயரின் முன்னெழுத்து காட்டிக்கொடுக்கும்: எல்ரி என்று தொடங்கினால் லிப்ரூல், பிகேஜி என்று தொடங்கினால் பிகேஜி-கொன்ஃபிக், ஏஎக்ஸ் என்று தொடங்கினால் ஓட்டோகொன்ஃப்-ஆர்க்கைவ். பொதியைப் போட்டுவிட்டு கொன்ஃபிகரை மட்டும் மறுபடி ஓட்டிப் பயனில்லை, ஓட்டோரீகொன்ஃபில் இருந்தே தொடங்க வேண்டும். இதே குறை சில நேரம் தப்பி வந்து, கொன்ஃபிகர் ஓடும்போது "பிகேஜி_செக்_மொடியூல்ஸ்" பக்கத்தில் சின்ராக்ஸ் எரர் என்று நிற்கும். கொன்ஃபிகரைத் திறந்து அந்த வரியைத் திருத்தப் போகாதீர்கள், மக்ரோ விரியாமல் அப்படியே கிடக்கிறது, அவ்வளவுதான்.

"எம்4 கோப்புறையைத் திறக்க முடியவில்லை" என்று ஏசிலோக்கல் சொன்னால் "எம்கேடிர் எம்4". கிற் வெறும் கோப்புறையைச் சேமிப்பதில்லை, அதனால் திட்டக்காரர் கணினியில் இருந்தது உங்களிடம் வரவில்லை. "இன்ஸ்ரோல்-எஸ்எச் கிடைக்கவில்லை" என்றால் "-ஐ" போடாமல் ஓட்டியிருக்கிறீர்கள்.

"ஏசிலோக்கல்-1.15 இல்லை" என்று மேக் நடுவில் நின்றால் கதை வேறு. சில திட்டங்கள் கொன்ஃபிகரையும் களஞ்சியத்திலேயே வைத்திருக்கும். கிற் கோப்புகளின் நேரத்தைச் சேமிப்பதில்லை, குளோன் பண்ணிய நேரம்தான் எல்லாக் கோப்புக்கும் விழும், அதில் கொன்ஃபிகர்.ஏசி ஒரு நொடி பிந்தி எழுதப்பட்டால் "மூலம் மாறிவிட்டது" என்று மேக் நினைத்து, திட்டக்காரர் பாவித்த அதே பழைய பதிப்பைத் தேடும். அந்தப் பழைய பதிப்பைத் தேடி அலைய வேண்டாம், உங்களிடம் இருப்பதை வைத்து "ஓட்டோரீகொன்ஃப் -எஃப்ஐ" ஓட்டினால் சரி. லிப்ரூல் "வேர்ஷன் மிஸ்மாச்" என்று சொன்னாலும் மருந்து இதுவே.

நேரம் பற்றியே இன்னொன்று. பழைய கணினிகளில் மதர்போட் பற்றரி செத்துப்போய், கரண்ட் போய் வந்தால் திகதி பல வருடம் பின்னுக்குப் போயிருக்கும். அப்போது கொன்ஃபிகர் "செக் யுவர் சிஸ்ரம் குளொக்" என்று நின்றுவிடும். திகதியைச் சரிசெய்துவிட்டு ஓட்டுங்கள்.

சிமேக், மேசன்

சில திட்டங்கள் ஓட்டோரூல்ஸுக்குப் பதிலாக இந்தக் கருவிகளைப் பாவிக்கும். இவற்றில் உருவாக்கும் படி தனியாக இல்லை, "சிமேக் -எஸ் . -பி பில்ட்" அல்லது "மேசன் செற்றப் பில்ட்" என்று நேராகத் தொடங்கலாம். தமிழ் எழுத்துகளைத் திரையில் சரியாகக் கோக்கிற ஹார்ஃபஸ் இப்போது மேசனில்தான் இருக்கிறது. ஆனால் சப்மொடியூல், ராக் பற்றிச் சொன்னது எல்லாம் இங்கேயும் பொருந்தும். இவை செற்றப் நேரத்தில் வேறு நூலகங்களையும் இணையத்தில் இருந்து இறக்கக்கூடும், ஆகவே வலையமைப்பு இருக்கும்போதே "மேசன் சப்புரொஜெக்ற்ஸ் டவுன்லோட்" அடித்துவைத்தால் பிறகு ஓஃப்லைனில் வேலை பார்க்கலாம்.

கொன்ஃபிகர் வந்த பிறகு

கொன்ஃபிகர் உருவாகிவிட்டது என்றால் தயார்ப்படுத்தல் முடிந்தது. மூலக் கோப்புறைக்குள்ளேயே ஓட்டாமல் "பில்ட்" என்று ஒரு கோப்புறை திறந்து, அதற்குள் நின்று "../கொன்ஃபிகர் --பிரிஃபிக்ஸ்=$ஹோம்/.லோக்கல்" என்று ஓட்டுங்கள். உபுண்டு போட்டுவைத்த ஹன்ஸ்பெல் அப்படியே இருக்கும், உங்களுடையது உங்கள் வீட்டுக் கோப்புறையில் இருக்கும், சூடோ தேவையில்லை. நூலகம் இல்லை என்று நின்றால் அதன் "-டெவ்" பொதியைப் போடுங்கள். ரெசரக்ற் படங்களைக் கையாளுகிற லெப்ரோனிக்காவைக் கேட்கும், அதற்கு லிப்லெப்ரோனிக்கா-டெவ். பிறகு "மேக்", "மேக் செக்". ரெசரக்ற் தமிழ் வாசிக்க "ராம்.ட்ரெயின்டேற்றா" என்ற கோப்பைத் தனியாக இறக்க வேண்டும், அது இந்தக் களஞ்சியத்தில் இல்லை.

எல்லாம் குழம்பிப்போய்ப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்றால் மறுபடி குளோன் பண்ணி டேற்றாவைச் செலவழிக்காதீர்கள். "கிற் கிளீன் -எக்ஸ்டிஎஃப்" கிற்றில் இல்லாத எல்லாவற்றையும் அழித்துவிடும்; கிற்றில் உள்ள கோப்புகளில் நீங்கள் செய்த மாற்றங்கள் அப்படியே இருக்கும். நீங்கள் புதிதாக எழுதி இன்னும் கிற்றில் சேர்க்காத கோப்புகளும் போய்விடும், ஆகவே முதலில் "-எக்ஸ்டிஎன்" போட்டு எவையெவை அழியப்போகின்றன என்று வடிவாகப் பாருங்கள். சப்மொடியூல்களுக்கு "கிற் சப்மொடியூல் ஃபோரீச்" என்று முன்னால் போட்டு அதே கட்டளை.

இவ்வளவும் செய்தும் நிற்கிறது என்றால் திட்டக்காரரிடம் கேளுங்கள், தயங்க வேண்டாம். கேட்கும்போது "கிற் ரெவ்-பார்ஸ் ஹெட்" தருகிற கொமிற் எண், ஓட்டோகொன்ஃப், ஓட்டோமேக், லிப்ரூல் பதிப்புகள், உபுண்டு எது, முதலாவது பிழை வரியும் அதற்கு மேலே பத்து வரியும், கொன்ஃபிகர் ஓடியிருந்தால் "கொன்ஃபிக்.லொக்" கோப்பு, இவ்வளவையும் எழுத்தாகவே ஒட்டி அனுப்புங்கள், திரையைப் படம்பிடித்து அனுப்ப வேண்டாம்.